மேடம் வீட்டுப் பேப்பர்

என் முட்டாள்தனங்களையெல்லாம் கட்டுக்கட்டாகக் கட்டி வைத்தால், எடைக்கு எடுத்துப் போகிற பழைய பேப்பர்காரர் மூன்று நடை வர வேண்டியிருக்கும். முதல் இரண்டு நடையில் போகிற சரக்கு கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தது. அதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை, வயசுக்கும் பங்குண்டு. மூன்றாவது நடையில் போகிற ஒரு கட்டு இருக்கிறது. அது முழுக்க முழுக்க என் சொந்தத் தயாரிப்பு. அதை அவிழ்த்துத்தான் இங்கே காட்டப்போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கிழக்குத் தாம்பரத்தில், மாடம்பாக்கம் போகிற சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு நகரில் நானும் என் மனைவி தேவியும் வாடகைக்குக் குடியிருந்தோம். நகர் என்பது பெயர்ப்பலகையில். தரையில் அது மண் ரோடு, மழை பெய்தால் ஏரி. பாதி மனைகள் காலியாகக் கிடந்தன. மீதிப் பாதியில் வீடு கட்டியிருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் நல்லவர்களுக்கென்றே சில பழக்கங்கள் உண்டல்லவா?

மூன்றாம் வீட்டு மாமா விடிவதற்குள் கொக்கி கட்டிய நீளக் குச்சியோடு கிளம்புவார். காம்பவுண்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாவற்றையும் இழுத்துப் பறித்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள்வார். (சாமிக்குப் போகிறது, ஆகவே திருட்டில்லை.) தண்ணீர் வருகிற காலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வீடு குழாயில் நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவார்கள். அந்த ஒரு மணி நேரம் தெருவே மாவு மில் மாதிரி இரையும். (எல்லோரும் உறிஞ்சுவதால் இதுவும் திருட்டில்லை.) குப்பையைக் காலி மனையில் வீசுவோம். (மனைக்காரர் துபாயில் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் தெரியாது.) இப்படி ஆளுக்கொரு பழக்கம்.

என் பழக்கம், எதிர்வீட்டுப் பேப்பர்.

எதிர்வீட்டில் கமலவேணி மேடம் தனியாக இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ட்ரங்க் கால் காலத்தில் வேலை பார்த்தவர். ஊரார் பேச்சின் நடுவே புகுந்து 'மூணு நிமிஷம் ஆச்சு' என்று சொல்லிச் சொல்லி, அவருடைய சொந்தப் பேச்சும் அந்த அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. குடிவந்த புதிதில், அக்கம்பக்கத்தில் பழக வேண்டுமே என்று ஒருநாள் கேட் அருகே நின்று, "மழை வரும் போல இருக்கு மேடம்" என்றேன்.

"வரட்டும்" என்றார்.

அதுதான் எங்கள் முதல் உரையாடல். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இதைவிடக் கொஞ்சம் சின்னது.

மேடம் இங்கிலீஷ் பேப்பர் வாங்கினார். காலை ஐந்து மணி சுமாருக்கு ஏழுமலை சைக்கிளில் வந்து, இறங்காமலே கேட்டுக்கு மேலாக வீசுவார். வாசல்படியில் 'பொத்' என்று விழும். நானோ அந்நேரத்துக்குக் குழாயடியில் குடம் நிறையக் காத்துக்கொண்டு சும்மா நிற்பேன். சும்மா நிற்கிற மனுஷனுக்கு எதிரே படித்த மக்களுக்கான பேப்பர் ஒன்று பிரிக்கப்படாமல் கிடந்தால் என்ன செய்வான்? கேட்டுக்குக் கொக்கி மட்டும்தான். மேடம் ஆறு மணிக்குத்தான் கதவைத் திறப்பார். நடுவில் ஒரு மணி நேரம் உலக விவகாரங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன.

எடுத்துப் படித்தேன். அதில் ஒரு கலையே வளர்த்தேன். எச்சில் தொட்டுப் புரட்டுவதில்லை. மடிப்பு கலையாமல் பிரித்து, இணைப்பை அது இருந்த இடத்திலேயே செருகி, ரப்பர் பேண்டை அதே தடத்தில் மாட்டி, எறிந்தால் எப்படி விழுமோ அப்படிக் கொஞ்சம் கோணலாக வைத்துவிட்டு வருவேன். நான் வேலை பார்த்தது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். பிறர் செய்கிற குறைகளைக் கண்டுபிடிப்பது என் தொழில். அதனால் என் குறை யார் கண்ணிலும் படாது என்று எனக்கு அசாத்திய நம்பிக்கை.

தேவிக்கு இது பிடிக்கவில்லை.

"இது திருட்டு" என்றாள்.

"இரவல்" என்றேன்.

"இரவல்னா கேட்டு வாங்கணும்."

"திருப்பித்தானே வைக்கிறேன்?"

"சட்டையைத் திருடிப் போட்டுக்கிட்டு தோச்சுத் திருப்பி வச்சா மட்டும்?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் விட முடியவில்லை. ஏனென்றால் கம்பெனி பஸ்ஸில் எனக்கு 'எடிட்டர்' என்று பெயர் வந்திருந்தது. கேம்ப் ரோடில் ஏறினதும், "எடிட்டர் சார், இன்னிக்கு உலகம் எப்படி?" என்று கேட்பார்கள். நான் நின்றபடியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஈராக்கிலிருந்து கிரிக்கெட் வரை தீர்ப்பு வழங்குவேன். ஊரப்பாக்கம் தாண்டுவதற்குள் உலகத்தைச் சரிசெய்துவிடுவேன். சொந்தமாக ஒரு பேப்பர் வாங்காத மனுஷனுக்கு இவ்வளவு மரியாதை நாட்டிலேயே எனக்குத்தான் கிடைத்திருக்கும்.

முதலில் தெருவிளக்கு எரிகிற நாட்களில் மட்டும்தான் படிக்க முடிந்தது. (எங்கள் தெருவிளக்குக்கு வாரத்தில் பாதி நாள் விடுமுறை.) பிறகு ஒரு மார்கழியில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. மேடம் வீட்டு வாசல் விளக்கு விடியற்காலையில் எரியத் தொடங்கியது. சில வாரம் கழித்து, உள்ளே இருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வெளியே விளக்கடியில் கிடந்தது. படியில் குந்தியிருந்தவன் நாற்காலிக்கு உயர்ந்தேன்.

"வயசாகுது தேவி. பாவம், ராத்திரி லைட்டை அணைக்க மறந்துடறாங்க" என்றேன்.

"நாற்காலியையும் உள்ள எடுத்து வைக்க மறந்துடறாங்களா?"

"ஆமா."

"பாவம்தான்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து வந்த ஆடி மாதம். மேடம் வீட்டில் வேலை செய்கிற அம்மா கூழ் ஊற்றுகிறார்கள் என்று ஊருக்குப் போயிருந்தார். முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில் தெருவில் மோட்டார்கள் இரைந்துகொண்டிருந்தன. நான் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, செருப்பைப் படியில் கழற்றி வைத்து (அந்த அளவுக்கு மரியாதை உண்டு), நாற்காலியில் உட்கார்ந்து விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்திருந்தேன்.

தொக்.

கதவுக்கு உள்ளே இருந்து. தரையை ஒட்டி.

தொக். தொக்.

மாட்டிக்கொண்டேன் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த நொடியில் என் மூளை வேலை செய்த அழகைச் சொல்ல வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்து கத்துவார்கள். கமலவேணி மேடம் கத்துகிறவர் இல்லை. ஆயுசெல்லாம் அடுத்தவர் பேச்சை நாசூக்காக வெட்டியவர். ஆகவே தட்டுகிறார். 'மூணு நிமிஷம் ஆச்சு, எழுந்து போ' என்று அர்த்தம். இப்படி நானே கேள்வி கேட்டு நானே பதிலும் எழுதி நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன்.

பேப்பரை மடிக்க நேரமில்லை. மழையில் ஊறிப் பிடித்துக்கொண்ட அந்தக் கதவை ஆசாரி இழைத்து இழைத்து அடியில் நல்ல இடைவெளி விட்டிருந்தார். பேப்பரை அப்படியே அதற்குள் தள்ளினேன். உள்ளேயே கொண்டு சேர்த்தால் குற்றம் பாதியாகும் என்று ஒரு கணக்கு. தட்டல் நின்றது. ஒரு கணம்தான். பிறகு வேகமாகத் தட்டத் தொடங்கியது.

கோபம் ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டேன். ஓடினேன்.

வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது, காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

"ஏன் ஒத்தைச் செருப்போட வர்றீங்க?" என்றாள் தேவி.

"நாய்" என்றேன்.

"எந்த நாய்?"

"புது நாய்."

"குடம் எங்க?"

குடம் குழாயடியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை எடுக்கப் போகும்போதும், பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் எதிர்வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. தரையில் தொலைத்ததைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டே தெருமுனை வரை போனேன்.

அன்று முழுக்க எனக்கு ஒரே கவலை, அந்தச் செருப்பு. இடது கால் செருப்பு. மேடம் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து கால் பொருத்திப் பார்ப்பார் என்று தோன்றியது. பஸ்ஸில் "எடிட்டர் சார், என்ன நியூஸ்?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல" என்றேன். மத்தியானம் சாப்பிடும்போது மன்னிப்புக்கு மூன்று விதமான வசனம் தயாரித்தேன். மூன்றிலும் நாய் வந்தது. தட்டிய கைக்கு என்ன ஆனது என்று ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. எதிர்வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைக்கண்ணால் பார்த்தேன், செருப்பு படியிலேயே கிடந்தது. தெருவில் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லா வீட்டிலும் சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். இத்தனை பேர் நடுவில் போய் எடுத்தால் நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை நான் திருந்தியவனாகக் குழாயடியில் நின்றேன். முதுகு எதிர்வீட்டுக்கு, முகம் குடத்துக்கு. ஏழுமலை வந்தார், பேப்பர் 'பொத்' என்று விழுந்தது. நான் அசையவில்லை. ஒரு மணி நேரம் அசையாமல் இருந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நன்றாக விடிந்திருந்தது. இந்த முறை தலையைத் திருப்பினேன்.

வாசல் விளக்கு பகல் வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. பேப்பர் எடுக்கப்படாமல் கிடந்தது. நாற்காலி நான் தள்ளிவிட்ட கோணத்திலேயே இருந்தது. செருப்பும் விழுந்த இடத்திலேயே, மல்லாந்து, வாரைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

மேடத்தை எனக்குத் தெரியும். காற்றில் பறந்து வந்த ஐஸ்கிரீம் கப்பைக்கூடத் தன் வாசல்படியில் ஒரு நிமிஷம் இருக்க விடாதவர். துடைப்பத்தால் தள்ளித் தெருவுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. யாரோ ஒருவனின் பழைய செருப்பு நேற்றிலிருந்து அங்கே கிடக்கிறதென்றால் அந்தக் கதவு நேற்றிலிருந்து திறக்கவே இல்லை என்று அர்த்தம்.

அப்போதுதான் அந்தத் தட்டல் எனக்கு உண்மையாகவே கேட்டது.

ஏழுமலை பேப்பர் போட்டு முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தவர், சைக்கிளில் கால் ஊன்றினார்.

"இன்னா சார், இங்க நின்னுகினு கீறீங்க? பஸ்ஸு போயிடப் போவுது."

"ஏழுமலை, மேடத்தை நேத்து பார்த்தியா?"

"ஆளைப் பாக்கல சார். ஆனா திரும்பி வர்றப்போ படியப் பாத்தேன், பேப்பர் இல்ல. சரி, அம்மா எடுத்துகினாங்கன்னு போய்ட்டேன். கெடந்திருந்தா பெல்லு அட்ச்சிருப்பேன். தனியா கீற அம்மா, டெய்லி ஒரு பார்வை பாத்துகினுதான் போவேன்." அப்போதுதான் படியைப் பார்த்தார். "இன்னா சார் இது, இன்னிக்கு அப்படியே கெடக்குது?"

கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன். கதவைத் தட்டினேன். "மேடம், மேடம்." உள்ளே சத்தமில்லை. காதைக் கதவில் வைத்தேன். வெகுநேரம் கழித்து, தரையை ஒட்டி, ஒன்றே ஒன்று.

தொக்.

கதவின் மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஏழுமலை பக்கத்து ஜன்னலைத் தள்ளித் தள்ளித் திறந்தார். கம்பிக்குள் கை விட்டால் தாழ்ப்பாள் எட்டவில்லை. சத்தம் கேட்டு வந்த மூன்றாம் வீட்டு மாமாவின் கையில் பூப்பறிக்கிற குச்சி இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகக் குச்சியை விட்டு, ஊர்ச் செம்பருத்தியெல்லாம் பறித்துப் பழகிய கையால், முதல் இழுப்பிலேயே தாழ்ப்பாளைக் கொக்கியில் மாட்டிக் கீழே இறக்கிவிட்டார். எங்கள் தெருவின் திருட்டுகளில் ஒன்றாவது ஓர் உயிருக்கு உதவியது. அது என்னுடையது இல்லை.

மேடம் கதவுக்குப் பக்கத்திலேயே, மொசைக் தரையில் பக்கவாட்டில் கிடந்தார். ஒரு கால் இருக்கக்கூடாத விதமாகத் திரும்பியிருந்தது. கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். நான் உள்ளே தள்ளியிருந்த பேப்பரை மடித்துக் கன்னத்துக்கடியில் வைத்திருந்தார். கூடத்தின் அந்தக் கோடியில், உயரமான ஸ்டாண்டின்மேல் டெலிபோன் இருந்தது. ஊரையெல்லாம் ஊரோடு சேர்த்து வைத்தவருக்கு அது எட்டாத உயரம்.

தேவி ஓடிவந்து ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். மேடம் கண்ணைத் திறந்து எல்லோரையும் வரிசையாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

"பஸ் போயிடுச்சா?" என்றார்.

நான் வண்டி பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தண்ணீரில்லாமல் கிடந்ததில் மற்றதெல்லாமும் கெட்டிருந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போது விழுந்தார் என்று கேட்டார்.

"நேத்து விடிகாலை. லைட் போட்டுட்டுத் திரும்பினேன். கதவடியில மழைத்தண்ணி."

"அந்நேரத்துல எதுக்கும்மா லைட்?"

"பேப்பர் வரும்" என்றார் மேடம்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நேத்தே கொண்டு வந்திருந்தா இவ்வளவு சிக்கல் இல்ல. யாருமே கவனிக்கலையா?"

சாயங்காலம் திருச்சியிலிருந்து மேடத்தின் அக்கா மகள் உஷா வந்து சேர்ந்தார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அழுதுகொண்டே கேட்டார். "ஒரு நாள் முழுக்க வாசல் பக்கம் ஒருத்தர்கூடவா சித்தி வரலை?"

நான் கட்டில் காலடியில் வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். மூடியைத் திருகினேன், திரும்பத் திருகினேன். மேடம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலை" என்றார்.

உஷா என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "நீங்க மட்டும் பார்க்கலைன்னா சித்தி இல்ல, அண்ணா."

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. நான் ஹீரோ ஆகிவிட்டேன். செருப்பைப் பார்த்தே ஆபத்தைக் கண்டுபிடித்தவன் என்று மாமா தெருமுழுக்கச் சொன்னார். (யார் செருப்பு என்று யாரும் கேட்கவில்லை.) காய்கறி வண்டிக்காரர் கொத்தமல்லி கூடுதலாகக் கொடுத்தார். கம்பெனி பஸ்ஸில் கைதட்டினார்கள். நகர் நலச் சங்கத்தில் ஒரு சால்வை போர்த்தினார்கள். ஆடி மாதத்து வெக்கையில் அந்தச் சால்வைக்குள் எனக்கு வேர்த்த வேர்வை, சொல்லி முடியாது.

செருப்பைப் படியிலிருந்து எடுத்து வந்தவள் தேவி. அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தாள். சால்வை போர்த்திய அன்று சாயங்காலம்தான் வாயைத் திறந்தாள்.

"நாய்னு சொன்னீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சால்வையை வாங்கி மடித்து, பீரோவில் கண்ணுக்குப் படாத இடத்தில் அடியில் வைத்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த நாளிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் என் கைக்காசில் ஒரு பேப்பர் வாங்கிக்கொண்டு, லீவு போட்ட நாளெல்லாம் காலையிலும், மற்ற நாளில் சாயங்காலமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். என் இங்கிலீஷ் உச்சரிப்பைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொள்வார். மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் நிறுத்தினால், "ம்" என்பார். தொடர வேண்டும் என்று அர்த்தம். தினமும் வீட்டிலிருந்து கிளம்பும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். தினமும் பேப்பர் தீர்ந்துபோகும், நான் சொல்லாமல் எழுந்து வருவேன். உலகத்தில் நடந்த அத்தனையையும் அவருக்குச் சொன்னேன், அவர் வாசலில் நடந்ததைத் தவிர.

ஆபரேஷன் ஆனது. ஆனால் மேடம் மறுபடி நடக்கவில்லை. உஷா அவரைத் திருச்சிக்கே கூட்டிப்போவதென்று முடிவாயிற்று. வீட்டை விற்றுவிட்டார்கள். கிளம்புகிற அன்று நானும் ஏழுமலையும் நாற்காலியோடு தூக்கி மேடத்தைத் தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலேற்றினோம். அதே பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு நிமிஷம்தான் வண்டி நிற்கும். அந்த இரண்டு நிமிஷமும் பெட்டி, பை, வாக்கர், தண்ணீர் பாட்டில் என்று போய்விட்டது. வண்டி நகர்ந்தபோது ஜன்னலோரம் படுத்திருந்த மேடம் ஏழுமலையைப் பார்த்து, "சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றார்.

"கீதும்மா. மறப்பேனா?" என்றார் ஏழுமலை.

என்ன என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை எங்கள் வீட்டுப் படியில் 'பொத்' என்று ஒரு சத்தம். தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்தேன்.

"தப்பா போட்டுட்டே ஏழுமலை" என்று வாசலுக்கு ஓடினேன்.

"தப்பு இல்ல சார். இனிமே இந்த வூட்லதான் போடணும்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

அன்று அதை நான் பிரிக்கவில்லை. மறுநாளும் பிரிக்கவில்லை. தேவிதான் எடுத்து உள்ளே வைத்தாள். மூன்றாவது நாள், "அவங்களே குடுத்ததைப் படிச்சாத்தான் கசக்குமா?" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

வருஷம் நிறைய ஆகிவிட்டது. எதிரே மேடம் வீடு இருந்த இடத்தில் நாலு மாடி ஃபிளாட் வந்துவிட்டது. வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார், தடுக்க. துபாய்க்காரரும் திரும்பி வந்து மனையில் வீடு கட்டிவிட்டார். குப்பைக்கு இப்போது வேறு மனை பார்த்திருக்கிறார்கள். எங்கள் மகள் காலேஜுக்குப் போகிறாள். ஆனால் எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும், கூரியராக இருந்தாலும் சரி, கேஸ் சிலிண்டராக இருந்தாலும் சரி, அவள் உள்ளேயிருந்து, "அப்பா ஓடுங்க, ரெண்டு செருப்பையும் போட்டுக்கிட்டு ஓடுங்க" என்பாள். திருநீர்மலைக்குப் போனபோது அடிவாரத்தில் என் செருப்பு தொலைந்துவிட்டது. முந்நூறு பேர் நடுவில் தேவி நிதானமாக, "கமலவேணி மேடம் வீட்டுப் படியில பார்த்தீங்களா?" என்றாள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். நானும் ஒற்றைக் காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிக் காட்டுவேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் ஓடுகிற இடத்தோடு கதையை நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

மேடம் திருச்சியில் இன்னும் சில வருஷங்கள் இருந்தார், கட்டிலிலும் சக்கர நாற்காலியிலுமாக. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போன் செய்வேன். "சாப்பிட்டாச்சா மேடம்?" "ஆச்சு." "வலி எப்படி இருக்கு?" "இருக்கு." "மழையா அங்க?" "இல்ல." பிறகு அவரே, "சரி, வை" என்பார். ஒருநாளும் மூன்று நிமிஷம் தாண்டியதில்லை.

அவர் போவதற்கு முந்தின தீபாவளிக்குப் பேசியபோது குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது. இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல முடியாது என்று எனக்குப் பட்டது. தேவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க கதவைத் தட்டினப்ப வெளியே உட்கார்ந்திருந்தது நான்தான். கேட்டுது. திருட்டுத்தனமா பேப்பர் படிக்கிறவனைத் துரத்தறீங்கன்னு நெனச்சு ஓடிட்டேன். நீங்க யார்கிட்டயும் சொல்லலை. வெளியே யாருன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு இத்தனை வருஷமா..."



"நீதான்னு தெரிஞ்சுதான் தட்டினேன்" என்றார்.